வீடியோ கேம் விழாவுக்குக் காசு கொடுப்பது யார்?

புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கல்லூரிகளின் கலைவிழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால், ரங்கோலி, குறும்படம், வினாடி வினா ஆகியவற்றுக்கு நடுவே பி.ஜி.எம்.ஐ. அல்லது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற கைபேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் போட்டி ஒன்றும் இடம்பெற்றிருப்பதை இப்போது சர்வசாதாரணமாகக் காணலாம். அந்தப் போட்டியில் விளையாடும் மாணவர்களில் சிலர், ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்காம் என்ற வீடியோ கேம் விழாவின் தொடக்க நிகழ்ச்சியை யூடியூபில் நேரலையாகப் பார்க்கிறார்கள். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, லாஸ் ஏஞ்சலீஸில் இன்னும் வியாழன் மாலையாக இருக்கும்போது தொடங்கும் கேம் அவார்ட்ஸ் என்ற விருது நிகழ்ச்சியையும் பார்க்கிறார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கி நடத்தப்படும் போட்டிக்கும் கடல் கடந்து நடக்கும் அந்த அறிவிப்பு விழாக்களுக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றலாம். ஆனால் இரண்டையும் விளங்கிக்கொள்ள ஒரே கேள்வி போதும்: இதற்கான செலவை ஏற்பவர் யார், அவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது? விளையாட்டுகள் விற்கப்படும் முறை மாறியபோதெல்லாம் விழாக்களின் வடிவமும் மாறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விற்பனை என்ற பேச்சே இல்லாத காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், பொதுமக்கள் பார்வையிடும் நாளில், வந்தவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்கட்டும் என்று வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஆஸிலாஸ்கோப் என்ற, மின்னலைகளைக் காட்டும் கருவியின் திரையில் டென்னிஸ் ஆட்டத்தை உருவாக்கி வைத்தார். ஆய்வகத்தின் மற்றக் காட்சிப்பொருள்களை விட்டுவிட்டு மக்கள் அதற்கு வரிசை கட்டி நின்றார்கள். 1972 அக்டோபர் 19 அன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்துக்கு நடந்த போட்டியின் பரிசு, ஓர் இசைப் பத்திரிகையின் ஓராண்டுச் சந்தா. இவற்றால் யாரும் லாபம் பார்க்கவில்லை. ஆகவே இவை ஆண்டுதோறும் தொடரவும் இல்லை.

தொழிலாக வளர்ந்த பிறகு நடந்த விழாக்களில் இலக்கணமாக நின்றது ஈ3 என்ற கண்காட்சி. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலீஸில் அது தொடங்கியது. அதற்கு முன் வீடியோ கேம் நிறுவனங்கள், தொலைக்காட்சிப் பெட்டிகளும் டேப் ரெக்கார்டர்களும் காட்சிக்கு வைக்கப்படும் சி.இ.எஸ். கண்காட்சியில் ஒரு மூலையில் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. ஈ3 ரசிகர்களுக்கான திருவிழா அன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் நடக்கும் மீன் ஏலத்தில் கூடையை எடுப்பவர் வியாபாரியே தவிர, வீட்டுக் குழம்புக்கு வாங்க வந்தவர் அல்லர். ஈ3 அரங்கும் அவ்வாறே, வரும் தீபாவளிக்கு, அதாவது அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு, எந்தப் பெட்டியை எத்தனை எண்ணிக்கையில் வாங்கி அடுக்குவது என்று கடைச் சங்கிலிகளின் கொள்முதல் அதிகாரிகள் முடிவு செய்யும் இடமாக இருந்தது. பொதுமக்களுக்கு நுழைவுச்சீட்டு பெருமளவில் விற்கப்பட்டதே 2017-இல்தான்.

முதல் ஆண்டிலேயே நடந்த ஒரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டும். சேகா நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் சாட்டர்ன் கன்சோல் செப்டம்பர் வரை காத்திராமல் அன்றே நான்கு கடைச் சங்கிலிகளில் விற்பனைக்கு வந்துவிட்டது என்றும் விலை 399 டாலர் என்றும் அறிவித்தார். அடுத்து வந்த சோனியின் ஸ்டீவ் ரேஸ், '299' என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அது பிளேஸ்டேஷனின் விலை. நூறு டாலர் வித்தியாசத்தைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். சேகாவுக்கு அதைவிட ஆழமாக விழுந்த அடி வேறு: அந்த நான்கு சங்கிலிகளுக்குள் இடம்பெறாத கடைக்காரர்கள் தாங்கள் அவமதிக்கப்பட்டதாகக் கருதினார்கள், சிலர் சேகாவின் சரக்கை வைக்கவே மறுத்தார்கள். கடைக்காரரை மகிழ்விக்க அமைந்த மேடையில் கடைக்காரரைப் பகைத்துக்கொண்டதன் விலையை அந்நிறுவனம் பல ஆண்டுகள் கொடுத்தது.

அலமாரியில் அடுக்க வேண்டிய பெட்டி குறையத் தொடங்கியதும் இந்த ஏற்பாட்டின் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஸ்டீம் போன்ற தளங்களிலிருந்தும் கன்சோலிலிருந்தும் நேரடியாகப் பதிவிறக்கும் வழக்கம் பரவியபோது, கொள்முதல் அதிகாரியைக் கவர லட்சக்கணக்கான டாலர் செலவில் அரங்கம் அமைப்பது வீண் என்று நிறுவனங்களுக்குத் தோன்றியது. நின்டெண்டோ 2011 அக்டோபரில் 'நின்டெண்டோ டைரக்ட்' என்ற பெயரில் தன் அறிவிப்புகளை இணையக் காணொலியாக வெளியிடத் தொடங்கியது. 2013-இல் ஈ3-இன் பெரிய மேடை நிகழ்ச்சியையே கைவிட்டது. சோனி 2019-இல் ஈ3 பக்கமே வரவில்லை. பிறகு பெருந்தொற்று வந்தது. 2020-இல் ரத்து, 2021-இல் இணையத்தில் மட்டும், 2022-இலும் 2023-இலும் மீண்டும் ரத்து என்று இழுத்து, 2023 டிசம்பர் 12 அன்று ஈ3 இனி நடக்காது என்று அதன் அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். கொரோனா அதைக் கொன்றது என்று எழுதுவது எளிது; நோயாளி ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருந்தார் என்பதே சரி.

அந்த இடத்தை நிரப்ப வந்தவை ஏறக்குறைய முழுக்க விளம்பர நிகழ்ச்சிகள். ஜெஃப் கீலி நடத்தும் கேம் அவார்ட்ஸ் 2014-இலும் சம்மர் கேம் ஃபெஸ்ட் 2020-இலும் தொடங்கின. சம்மர் கேம் ஃபெஸ்ட் 2024-இல் ஒரு நிமிட முன்னோட்டத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் கட்டணம் என்று செய்தி வெளியானது. முன்பு கடைக்காரரிடம் பேசச் செலவான பணம் இப்போது பார்வையாளரின் கண்முன் நிற்கச் செலவாகிறது. கையில் எடுத்து ஆடிப் பார்க்கும் அனுபவத்தை ஸ்டீம் தளம் தன் 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' வாரங்களில் மாதிரிப் பதிப்புகளாக வீட்டுக்கே அனுப்பிவிடுகிறது. இவற்றால் லாஸ் ஏஞ்சலீஸ்காரர் எதையோ இழந்தார் என்று வருந்தலாம். முத்தியால்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ இருக்கும் ஒருவருக்கு ஈ3 என்றைக்கும் மறுநாள் செய்தியாக வந்துசேர்ந்ததுதான். இன்று அவருக்கு அறிவிப்பு அதே நொடியில் கிடைக்கிறது. மாதிரிப் பதிப்பும் கிடைக்கிறது. நேரில் கூடும் இடத்தின் அருமை, விளையாட்டை உருவாக்குபவர்களுக்கே இன்னும் மிச்சமிருக்கிறது. முதலீட்டாளரையும் வெளியீட்டாளரையும் காணொலியில் பிடிக்க முடியாது. அந்த வகையில், நெடுங்காலம் ஹைதராபாத்தில் நடந்துவந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு 2025 நவம்பரில் சென்னை வர்த்தக மையத்தில் நடந்தது, புதுச்சேரி இளைஞர்களுக்குக் காலையில் பேருந்து ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் கிடைத்த வாய்ப்பு.

கேம்ஸ்காம் மட்டும் ஏன் சாகவில்லை? லைப்சிக்கில் நடந்த பழைய கண்காட்சியின் இடத்தில் 2009-இல் கொலோனில் தொடங்கிய அந்த விழா, முதலிலிருந்தே பொதுமக்களுக்குச் சீட்டு விற்றது. வணிகப் பேச்சுக்குத் தனிக் கூடங்களை ஒதுக்கியது. 2025-இல் 3,57,000 பேர் வந்தார்கள். கடைக்காரரை நம்பாமல் சீட்டு வாங்கும் ரசிகரை நம்பியதால் கடைகள் மறைந்ததும் அதைப் பாதிக்கவில்லை.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 2000-களில் இங்கே விளையாட்டு என்பது பிரவுசிங் சென்டரின் மங்கலான கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, நான்கைந்து கணினிகளை ஒரே இணைப்பில் சேர்த்து ஆடிய கவுண்டர் ஸ்ட்ரைக்தான். வட்டுகள் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள். விற்பனை இல்லாத இடத்தில் விற்பவர் விழா எடுக்க மாட்டார். ஆகவே எந்த நிறுவனமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், 2018-இல் பப்ஜி மொபைல் வந்ததும் நிலைமையைத் தலைகீழாக்கின. இலவசமாகப் பதிவிறக்கும் விளையாட்டில் வருமானம் என்பது துப்பாக்கிக்கு வண்ணம், ஆளுக்குச் சட்டை, பருவந்தோறும் வரும் பாஸ் ஆகியவற்றை விற்பதில் இருக்கிறது. நண்பர்கள் பார்க்காத சட்டையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆகவே நான்கு பேர் சேர்ந்து ஆடுவதும், அதைப் பிறர் பார்ப்பதும், போட்டி நடப்பதும் அந்த வணிகத்தின் உயிர்நாடி. போட்டிதான் கடை என்றே சொல்லிவிடலாம். 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் ஒன்றாக பப்ஜி மொபைலும் போனபோதும், தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலையில் அதை பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தபோதும், 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியபோதும், ஊர்ப் போட்டிகள் முற்றிலும் நின்றுவிடாததற்குக் காரணம் இந்தப் பழக்கம் ஏற்கெனவே வேர்விட்டிருந்ததுதான்.

அத்தகைய போட்டி ஒன்று எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. நடத்துபவரிடம் ரூம் கார்டு என்ற அனுமதி இருந்தால் விளையாட்டுக்குள்ளேயே தனி அறை ஒன்றை உருவாக்கலாம். அதில் 100 பேர் வரை, அதாவது நால்வர் கொண்ட 25 ஸ்க்வாட் வரை சேர முடியும். பதிவு செய்த அணிகளுக்கு ஸ்லாட் எண் தரப்படும். ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் விழும். முன்கூட்டியே கொடுத்தால் வெளியாள் நுழைந்துவிடுவார் என்ற பயம். அப்படியும் ஒன்றிரண்டு பேர் நுழைவார்கள். நடத்துபவர் ஸ்லாட் பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு பெயர் தெரியாதவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றுவார். ஐபேடில் ஆடுபவருக்குத் திரையில் அதிகப் பரப்பு தெரிவதால் அதை அனுமதிப்பதா என்பதில் ஒவ்வொரு முறையும் ஒரு சச்சரவு எழும். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 6, பிறகு 5, 4, 3 என்று இறங்கும்; வீழ்த்தும் ஒவ்வொரு எதிரிக்கும் 1 புள்ளி. ஒளிந்து ஒளிந்து கடைசிவரை உயிர் பிழைக்கும் அணியைவிட, துணிந்து மோதும் அணி முன்னேற இக்கணக்கு இடம் தருகிறது. கணக்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எக்செல் பட்டியலுக்குக் கையால் ஏறுகிறது. இந்த உழைப்புக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கொரிய நிறுவனத்துக்குக் கிடைக்கும் இலவச விளம்பரத்தில் இதற்கும் ஒரு பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போட்டிகள் அவரவர் வீட்டிலிருந்து நடக்கும்போது எழும் தகராறுகளில் பெரும்பாலானவை பிங் பற்றியவை, அதாவது கைபேசியிலிருந்து சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம் பற்றியவை. இது மனக்குறை மட்டுமன்று, இயற்பியலும் கூட. கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்கிறது. புதுச்சேரியிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,100 கி.மீ.; போய்வர குறைந்தது 11 மில்லிநொடி ஆகும். சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ.; கண்ணாடியிழை வழியே 29 மில்லிநொடிக்குக் குறைவாகப் போய்வர முடியாது. உண்மையில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான அலைக்கற்றை நெரிசலும் சேர்ந்துகொள்ளும். மாலை ஏழு மணிக்கு மேல் ஊரே ஒரே கோபுரத்தில் காணொலி பார்க்கும்போது பிங் 50-இலிருந்து 150-க்குத் தாவுவதற்கு இதுவே காரணம். வீட்டில் ஃபைபர் இணைப்பு உள்ளவர் பாகூரில் இருந்தாலும் நேரு வீதியில் இருந்தாலும் சமம்; இணைப்பு இல்லாதவர் எங்கிருந்தாலும் பின்தங்குவார். பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுகள் இன்னும் ஒரே கூடத்தில் நடப்பதற்குப் பார்வையாளர் கூட்டம் ஒரு காரணம் என்றால், அனைவருக்கும் ஒரே இணைப்பைத் தருவது இன்னொரு காரணம். நம் பகுதிக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. போட்டிப் பருவமும் புயல் பருவமும் ஒன்றாக வருகின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கரை கடந்து மின்சாரம் போன நாட்களில், இணையவழிப் போட்டி அட்டவணை என்பதற்கே பொருளில்லாமல் போனது.

உலக அளவில் இ-ஸ்போர்ட்ஸ், அதாவது போட்டியாக ஆடப்படும் வீடியோ கேம், மேடைகளின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு பெரிய திருப்பம் நேர்ந்திருக்கிறது. டோட்டா 2 விளையாட்டின் 'தி இன்டர்நேஷனல்' போட்டிக்கு 2013 முதல் ரசிகர்களே பரிசு சேர்த்தார்கள்: விளையாட்டுக்குள் அவர்கள் வாங்கும் ஒரு பொருளின் விலையில் கால் பங்கு பரிசுத் தொகையில் சேரும். 2021-இல் அது 4 கோடி டாலரைத் தாண்டியது. அந்த விற்பனையை, டோட்டா 2-ஐ நடத்தும் வால்வ் நிறுவனம் பெருமளவு சுருக்கிக்கொண்டதும் 2023-இல் பரிசு சுமார் 30 லட்சம் டாலராகச் சுருங்கியது. ஆட்டமும் அதே, ரசிகரும் அதே. மாறியது விற்பனை மட்டுமே. மறுபக்கம், ரியாத்தில் 2024-இல் தொடங்கிய இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை முதல் ஆண்டிலேயே 6 கோடி டாலருக்கு மேல் பரிசு அறிவித்தது. அதன் பின்னால் இருப்பது சவூதி அரசின் பணம். ஒரு நாட்டின் கொள்கைக்காக நடக்கும் விழா, அந்தக் கொள்கை மாறும் நாளில் என்னவாகும் என்று யோசிப்பது நல்லது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2024-இல் சவூதியுடன் செய்த 12 ஆண்டு இ-ஸ்போர்ட்ஸ் ஒப்பந்தம் 2025 அக்டோபரில், ஒரு போட்டிகூட நடக்காமலேயே, முடித்துக்கொள்ளப்பட்டது.

கருவிகளின் பக்கமும் இதே கதைதான். வீடியோ கேம் கிராஃபிக்ஸ் அட்டைகளால் வளர்ந்த என்விடியா நிறுவனத்தின் வருவாயில் பத்தாண்டுகளுக்கு முன் பாதிக்கு மேல் கேமிங்கிலிருந்து வந்தது. 2012-இல் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில் பயிற்றுவிக்கப்பட்ட அலெக்ஸ்நெட் என்ற படமறியும் மென்பொருள், அந்த அட்டைகளுக்கு வேறொரு பயனைக் காட்டிவிட்டது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனத்தின் 13,050 கோடி டாலர் வருவாயில் கேமிங்கின் பங்கு சுமார் 1,135 கோடி மட்டுமே. அதன் மேடைகளில் இப்போது விளையாட்டைவிடத் தரவு மையங்களே அதிகம் பேசப்படுவதில் வியப்பில்லை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில், சாதாரண நுகர்வோருக்கு நினைவகம் விற்கும் தன் க்ரூஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. கைபேசிக்கும் அதே வகைச் சிப்புதான் தேவை என்பதால், போட்டியில் ஆடத் தகுதியான கைபேசியின் விலையை இது விட்டுவைக்காது.

விளையாட்டுகளுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது விருதுகளையும் சிக்கலாக்கியிருக்கிறது. பிரான்சின் மோன்பெலியே நகரில் ஒரு சிறு குழு உருவாக்கிய 'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33', 2025 கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது, அதே மாதத்தில், உருவாக்கத்தின்போது செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதைக் காரணம் காட்டி, சிறு நிறுவனங்களுக்கான வேறொரு விருதுக்குழு தான் கொடுத்த இரு விருதுகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. (பிரெஞ்சு மொழி படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கும் புதுச்சேரியிலிருந்து இத்தகைய விளையாட்டுகளுக்குத் தமிழ் வசன வரிகள் எழுத இன்னும் யாரும் அழைக்கப்படவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு, அது வேறு கட்டுரைக்கான விஷயம்.)

இனி, ஊர்ப் போட்டி நடத்துபவர்களை நேரடியாகத் தொடுவது சட்டம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடையையும் விதித்தன. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் அவற்றை உறுதி செய்தது. யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு அவை பொருந்தா. மதுபான விலைக்காகக் கடலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கு வருவது தெரிந்த கதை. கடலூரின் ஆல்பேட்டையில் ஒரு சட்டமும் முள்ளோடையில் இன்னொன்றுமாகக் கைபேசிக்குள்ளும் எல்லைக்கோடு விழுந்தது புதிது. ஆனால் அந்த நிலை சில மாதங்களே நீடித்தது. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. வழங்குபவருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், விளம்பரம் செய்பவருக்கு ஈராண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சில நாட்களிலேயே, பணம் வைத்து ஆடும் கிரிக்கெட் செயலியான ட்ரீம்11 இந்திய கிரிக்கெட் அணியின் ஸ்பான்சர்ஷிப்பிலிருந்து விலகியது.

அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. போட்டியில் சேர்வதற்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டுமான கட்டணத்தையும், ஆட்டத்திறனுக்கேற்ற பரிசையும் அனுமதிக்கிறது. ஆனால் அந்த இ-ஸ்போர்ட்ஸ் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின் கீழ் அங்கீகாரமும் இச்சட்டம் குறிப்பிடும் ஆணையத்திடம் பதிவும் பெற்றிருக்க வேண்டும், பந்தயம் கூடாது. இங்கேதான் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு 50 ரூபாய் என்ட்ரி ஃபீ வசூலித்து, சேர்ந்த தொகையை முதல் மூன்று அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் சிக்கலுக்குள்ளாகிறது. ஆடியவர்களுக்குத் தண்டனை இல்லை. நடத்தியவர் மீதுதான் சட்டத்தின் பார்வை விழும். பணம் செலுத்தி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடுவது என்பதே தடையின் வரையறையாக இருப்பதால், நுழைவுக் கட்டணத்திலிருந்தே பரிசுத் தொகையைத் திரட்டுவது ஆபத்தான வழி. கட்டணமே வாங்காமல், கைபேசிக் கடையோ பயிற்சி மையமோ தரும் ஸ்பான்சர் பணத்தில் ஹெட்போனோ கோப்பையோ பரிசளிப்பது பாதுகாப்பானது. பல கல்லூரி விழாக்கள் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கின்றன. பணப் பரிசு கொடுத்தே தீருவோம் என்பவர்கள், பேனர் அச்சடிக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் விதிமுறைத் தாளைக் காட்டிவிடுவது நல்லது.